பலகைக்குள் நான் தேடியது

அப்பு,

இந்த உறையைக் கையில் வாங்கியதும் ஒட்டிய இடத்தை ஒரு தரம் திருப்பிப் பார்த்திருப்பாய், யாராவது பிரித்துப் படித்துவிட்டு மறுபடி ஒட்டியிருக்கிறார்களா என்று. இல்லை என்று சொல்லாதே. போன வாரம் பெண் வீட்டிலிருந்து வந்த கடிதத்தை நீ ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்ததை நான் பார்த்தேன். நான் எதற்கு அந்த நேரத்தில் உன் அறைப் பக்கம் வந்தேன் என்று நீ கேட்டால் அதற்கும் என்னிடம் நல்ல பதில் கிடையாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அப்பன் மகனுக்கு பேங்கு விலாசத்தில் தபால் போடுகிறானே, இதில் என்னவோ இருக்கிறது என்று உனக்குத் தோன்றும். இருக்கிறது. நேரில் சொல்லத்தான் பார்த்தேன். சாப்பிடும்போது இரண்டு தடவை ஆரம்பித்தேன். "என்னப்பா?" என்று நீ நிமிர்ந்ததும், "ரசத்துல உப்புக் கூடிப்போச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். ரசத்தில் உப்பு சரியாகத்தான் இருந்தது. பாவம் உன் அம்மா, அன்றைக்கு ரசத்தை மூன்று தடவை ருசி பார்த்தாள்.

வைகாசியில் உனக்குக் கல்யாணம். பத்திரிகை கொடுக்க வேண்டியவர்கள் பட்டியலை நீ எழுதி மேசை மேல் வைத்திருந்தாய். உனக்குத் தெரியாமல் அதை எடுத்துப் பார்த்தேன், பழக்கதோஷம். மூன்றாவது பக்கத்தில் 'சூசை, குளச்சல்' என்று எழுதி அதன் மேல் மூன்று கோடு அடித்திருந்தாய். ஒரு பெயரை அடிக்க ஒரு கோடு போதும். மூன்று கோடு அடித்தால் அந்த ஆள் இன்னும் மனசுக்குள் இருக்கிறான் என்று அர்த்தம். நீ குளச்சலில் பேங்கு வேலை பார்த்த காலத்தில் உன் உயிர்க் கூட்டாளியாக இருந்தவன், கட்டுமரத்தில் மீன் பிடிக்கிறவன், உன் அலைப் பலகையை வெட்டி நாசமாக்கினான் என்று நீ இரண்டு வருஷமாகப் பேச்சை முறித்துக்கொண்டிருக்கிறாயே, அந்தச் சூசையைத்தான் சொல்கிறேன். அவன் வெட்டவில்லை. நான்தான் வெட்டினேன். இதற்கு மேல் படிக்க உனக்கு மனம் வராமல் போகலாம். வந்தால் படி. எப்படி என்று சொல்கிறேன், ஏன் என்று எனக்கே பாதிதான் தெரியும்.

என் சோலி என்ன என்று உனக்குத் தெரியும். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷம் ஸ்டோர் சூப்பர்வைசர். சாயங்காலம் காய் எடுப்பு முடிந்து ஜீப்பில் ஏறுவதற்கு முன்னால் எல்லாப் பெண்களும் என் முன்னால் வரிசையாக வந்து மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். தூக்குவாளியைத் திறக்க வேண்டும். மழைக்குப் போர்த்திய சாக்கை விரித்துக் காட்ட வேண்டும். எழுபதுகளில் ஏலக்காய் விலை ஏற ஏற ஒளிக்கிற இடங்களும் பெருகின. குடைக் கம்புக்குள் காயைப் போட்டு மெழுகு வைத்து அடைத்ததை நான் பிடித்திருக்கிறேன். தூக்குவாளிக்கு இரண்டு அடி வைத்துத் தகரம் பற்றவைத்ததை, விரலால் தட்டிச் சத்தத்தை வைத்தே சொல்லியிருக்கிறேன். "அவர் கண்ணுல பட்டா கல்லும் காயைக் கக்கிரும்" என்று மேனேஜர் வெளியாட்களிடம் சொல்லுவார். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு பெருமை! அந்தப் பெருமையில்தான் ஆள் கெட்டேன். கெட்டியாக இருக்கிற எதைப் பார்த்தாலும் உள்ளே கூடு இருக்குமோ என்று தட்டிப் பார்க்கிற புத்தி வந்துவிட்டது.

உன் அம்மா ஒரே ஒரு பருவம் காய் எடுக்க வந்தாள், உனக்கு அப்போது ஏழு வயது. சூப்பர்வைசர் பெண்டாட்டி என்று அவளைச் சும்மா விட்டதாக யாரும் பேசக் கூடாது, நான் நியாயமான ஆள் என்று ஊர் சொல்ல வேண்டும், அதுதான் என் நினைப்பு. முதல் நாளே வரிசையில் அவள் முறை வந்ததும், "உதறு" என்றேன். அவள் சிரித்தாள், நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று. "உதறுங்கிறேன்ல" என்றேன். நாற்பது பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க அவள் மடியை அவிழ்த்து உதறினாள். ஒரு வெற்றிலைக் காம்பு விழுந்தது, வேறொன்றும் இல்லை. ஜீப்பில் வரும்போது அவள் என் பக்கம் திரும்பவில்லை. மறுநாளிலிருந்து தோட்டத்துக்கு வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவுமில்லை. அதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். வெற்றிலைக் காம்பு விழுந்தபோது எனக்கு நிம்மதி வந்தது. அப்படியென்றால் வேறு ஏதாவது விழும் என்று நான் நிஜமாகவே எதிர்பார்த்திருக்கிறேன். என்னோடு எட்டு வருஷம் வாழ்ந்தவளிடம்.

உனக்குக் குளச்சலில் வேலை கிடைத்தபோது அக்கம்பக்கத்தில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு மட்டும் கடல் பிடிக்கவில்லை. மலையில் வளர்ந்தவனுக்குக் எதிர்க்கரை தெரியாத இடத்தின் மேல் ஒரு சந்தேகக் கண் இருந்துகொண்டே இருக்கும். முதல் ஆறு மாசம் வாரம் ஒரு கடிதம் போட்டாய், பிறகு மாசம் ஒன்று. தீபாவளிக்கு வந்தாய். முகமெல்லாம் தோல் உரிந்து, முடி செம்பட்டையாகி, மார்பில் உரசின காயம், விலாவில் நீலம் கட்டி நின்றது. அம்மா எண்ணெய் தேய்க்கும்போது நான் பார்த்தேன். நீ குளிக்கப் போனதும் உன் பையைத் திறந்தேன். துணிக்கு அடியில் தாளில் சுற்றிய ஒரு மெழுகுக் கட்டி. பாதி தேய்ந்திருந்தது, தேங்காய் எண்ணெய் வாசனை. முகர்ந்தேன். நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். நம் ஊர் ஆளுக்கு ஒரு பொட்டலத்தைப் பார்த்தால் வேறு என்ன தோன்றும்? மெட்டுச் செக்போஸ்டில் ஜீப்பு சீட்டைக் கிழித்து கஞ்சா எடுத்த கதையை மாசம் ஒரு தரம் கேட்டு வளர்ந்த ஊர் இது.

நீ தலை துவட்டிக்கொண்டு வந்தாய். கேட்டேன்.

"இது என்னப்பா?"

"பலகையில தேய்க்கிற மெழுகுப்பா. கால் வழுக்காம இருக்கும்."

"என்ன பலகை?"

"அலை மேல நின்னு ஓட்டுற பலகை. ஒரு வெள்ளைக்காரன் மூணு மாசம் தங்கியிருந்தான், போகும்போது குடுத்துட்டுப் போனான். அவனே ஓட்டச் சொல்லியும் குடுத்தான்."

"பலகைய ஓட்டுறதா? அதுக்கென்ன சக்கரமா இருக்கு?"

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அம்மாவும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஒரு பேங்கு உத்தியோகஸ்தன், வெள்ளைக்காரன் சும்மா கொடுத்த பலகையில் ஏறி, கடல் தண்ணீரில் போய், உடம்பெல்லாம் அடிபட்டு வருகிறான், அதில் அவனுக்கு ஒரு பைசா லாபம் இல்லை. இதை நம்பச் சொன்னால் நான் எப்படி நம்புவேன்? குடைக் கம்பில் காய் ஒளித்தவள்கூட இதைவிட நம்புகிற மாதிரி ஒரு பொய் சொன்னாள். நீ உள்ளதை உள்ளபடி சொன்னாய். அதுதான் எனக்குப் பெரிய சந்தேகமாகிவிட்டது.

மாசியில் காய் எடுப்பு முடிந்ததும் அம்மாவிடம் மதுரையில் சோலி என்று சொல்லிவிட்டுக் குளச்சலுக்குக் கிளம்பினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கினேன். உன் அறைக்கு வரவில்லை. சனிக்கிழமை உனக்கு அரை நாள் பேங்கு. இரண்டு மணி வாக்கில் நீ கடற்கரைக்கு வந்தாய். கரையில் ஏற்றிப் போட்டிருந்த கட்டுமரங்களுக்குப் பின்னால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். சூசையின் ஓலைக் குடிசைக்குப் பக்கவாட்டுச் சாய்ப்பிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் அந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். ஆளைவிட நீளம், வெள்ளை. மணலில் போட்டு அந்த மெழுகைத் தேய்த்தீர்கள். பின்னால் இருந்த கயிற்றை நீ காலில் கட்டிக்கொண்டாய். சரக்கு கைவிட்டுப் போகாமல் இருக்கத்தான் என்று நினைத்தேன். நீ பலகை மேல் குப்புறப் படுத்துக் கையால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாய். அலை உடைகிற இடத்தைத் தாண்டிப் போய் எழுந்து உட்கார்ந்தாய். உட்கார்ந்து, அடிவானத்தையே பார்த்தாய். பத்து நிமிஷம், கால் மணி நேரம். கரையிலிருந்து சூசை கையைக் காட்டினான், இன்னும் இடது பக்கம் போ என்கிற மாதிரி. எனக்கு எல்லாம் விளங்கிப்போயிற்று. தூரத்தில் ஏதோ படகு வரும், அதற்குத்தான் இவன் காத்திருக்கிறான், இவன்தான் அடையாளம் காட்டுகிறான். அத்தனை வருஷ அனுபவம் எனக்குச் சொன்னது அது.

படகு வரவில்லை, அலைதான் வந்தது. கரைக்கு முன்னால் தண்ணீருக்கடியில் மணல் மேடு இருக்கிறது, அலை அதில் தட்டித்தான் எழும்பி உடையும், மழைக்காலம் முடிந்தால் அந்த மேடு இடம் மாறிவிடும் என்றெல்லாம் நீ தீபாவளிக்குச் சொல்லியிருந்தாய், அதை அன்று கண்ணால் பார்த்தேன். நீ திரும்பிப் படுத்து வேகமாகக் கையைப் போட்டாய், எழுந்தாய், விழுந்தாய். பலகை ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். தண்ணீருக்குள் போனவன் வெளியே வரக் காணோம். எனக்கு நீச்சல் தெரியாது. எழுந்து நின்றுவிட்டேன், துண்டு கீழே விழுந்துவிட்டது. நீ தலையை உதறிக்கொண்டு மேலே வந்தாய். மறுபடி போனாய். எட்டு தடவையோ ஒன்பது தடவையோ விழுந்தாய். அதற்கடுத்த தடவை, அலை உடைந்து வெள்ளையாகிற விளிம்பில், முழங்காலை மடக்கிக் கையை விரித்து நின்றாய். நின்றபடியே பக்கவாட்டில் போய்க்கொண்டே இருந்தாய். என் மகன் தண்ணீர் மேல் நின்றுகொண்டு போகிறான். அப்பு, அந்தச் சில நொடி எனக்கு இருந்த சந்தோஷத்தை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. உன்னைக் கையில் முதன்முதலாக வாங்கினபோதுகூட எனக்குப் பயம்தான் கூடுதலாக இருந்தது. இது சுத்தமான சந்தோஷம். கத்திக் கூப்பிட்டிருக்க வேண்டும். "டேய் அப்பு" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். நான் துண்டை எடுத்து மறுபடி தலையில் போட்டுக்கொண்டு குனிந்து உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் கடற்கரையில் ஆள் இருக்காது, எல்லோரும் மாதா கோயிலில் பூசைக்குப் போயிருப்பார்கள். சூசை பூசை முடிந்து வந்த பிறகுதான் நீயும் வருவாய் என்று கணக்குப் போட்டேன். சூசை வீட்டுச் சாய்ப்புக்குள் போனேன். ஓலை மூடி பலகை இருந்தது. அதைப் புரட்டித் தட்டிப் பார்த்தேன். தகரமும் இல்லை, மரமும் இல்லை, இரண்டுக்கும் நடுவான ஒரு சத்தம். அதோடு பலகையின் நட்டநடுவே தலையிலிருந்து வால் வரைக்கும் நூல் பிடித்தாற்போல் ஒரு மெல்லிய மரக்கோடு ஓடியது. அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. இரண்டு பாதியைச் சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள், இதுதான் மூடி, இதற்குள்ளேதான் கூடு. தூக்குவாளியின் இரண்டாவது அடியைக் கண்டுபிடித்தவனுக்கு இது எம்மாத்திரம்? அடுப்புக்கு விறகு பிளக்கச் சூசை வைத்திருந்த வெட்டுக்கத்தி ஓரத்தில் சாய்ந்திருந்தது. அதை எடுத்து அந்தக் கோட்டின் மேலேயே போட்டேன்.

உள்ளே வெள்ளையாக இறுகிய நுரைதான் இருந்தது. நீள நெடுக வெட்டினேன், குறுக்கே வெட்டினேன், காலை வைத்து மிதித்து முறித்தேன், விரலை விட்டுத் தோண்டினேன். கோடு வெறும் மரச்சட்டம், பலகை வளையாமல் இருக்க வைத்தது. ஒரு பொட்டலமும் இல்லை, ஒன்றும் இல்லை. அப்போதாவது நிறுத்தினேனா? இல்லை. வால் பக்கம் மிச்சமிருந்த ஒரு முழத்தையும் பிளந்து பார்த்துவிட்டுத்தான் கத்தியைக் கீழே போட்டேன். என் மகன் பொய் சொல்லவில்லை என்று நிரூபணமானபோது எனக்கு நிம்மதி வரவில்லை, ஏமாற்றமாக இருந்தது. இப்படி ஒரு அப்பனுக்கு என்ன பேர் என்று நீயே வைத்துக்கொள்.

கையைக் கடலில் கழுவிவிட்டு, லாட்ஜிலிருந்து பையை எடுத்துக்கொண்டு, நேரே பஸ்சில் வந்து இறங்கியவன் மாதிரி உன் அறைக்கு வந்தேன். நீ இல்லை. அரை மணி நேரத்தில் வந்தாய், முகம் வெளுத்துப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் ஏன் வந்தேன் என்றுகூடக் கேட்காமல் அழுதாய். பலகையை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், சூசையின் கத்தி பக்கத்திலேயே கிடக்கிறது, முந்தின வாரம் உன்னைக் கேட்காமல் அவன் பலகையை எடுத்துக்கொண்டு போனதில் இரண்டு பேருக்கும் வாய்த்தகராறு, மேலுக்குச் சமாதானமாகியும் அந்தக் கோபத்தை மனசில் வைத்து அவன்தான் செய்திருக்க வேண்டும் என்றாய். அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு மறந்திருக்காது. "கடக்கர ஆளுகள நம்பாதன்னு நான் அப்பவே சொல்லலையா?" என்றேன். அப்படி நான் எப்போதும் சொன்னதே இல்லை. அந்த நிமிஷத்தில் உண்டாக்கினேன். பலகையை வெட்டியது என் சந்தேகம் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். இது அப்படி இல்லை, தெரிந்தே செய்தது.

பிறகு நீ என்னையும் கூட்டிக்கொண்டு சூசையிடம் போனாய். "ஏண்டா இப்பிடிப் பண்ணுன? எங்கிட்ட கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்ல" என்று கத்தினாய். அவன் உன்னைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கீழே கிடந்த கத்தியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். குற்றம் செய்தவன்தான் பேசாமல் போவான் என்று வரும் வழியில் நீ சொன்னாய். என்னிடம் கேட்டுப் பழகிய பேச்சு அது. அடுத்த மாசமே மாற்றல் கேட்டு எழுதினாய், போடிக்கே வந்துவிட்டாய். பிள்ளை பத்திரமாக வீடு வந்து சேர்ந்தான் என்று எனக்கு நிம்மதி. நான் உன்னைக் காப்பாற்றிவிட்டதாகக்கூடச் சில நாள் நினைத்துக்கொண்டேன். ஐப்பசியில் குரங்கணிப் பக்கம் மழை பிடித்துக் கொட்டகுடி ஆற்றில் வெள்ளம் வரும்போது நீ பாலத்தில் சைக்கிளை நிறுத்தி, தண்ணீர் பாறையில் ஏறி மடிகிற இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாய். இரண்டு தடவை உன் பின்னாலேயே வந்து பார்த்திருக்கிறேன். பாலத்தில் யாரையாவது சந்திக்க வருகிறாயோ என்றுதான் வந்தேன். யாரும் வரவில்லை. நீ நனைந்துகொண்டே நின்றாய்.

அந்த மூன்று கோட்டைப் பார்த்த மறுநாள் ஒரு பத்திரிகையை எடுத்துக்கொண்டு குளச்சலுக்குப் போனேன். உன் அம்மாவிடம் இந்தத் தடவை உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். அவள் வாசல் வரைக்கும் வந்து, "அங்கயாச்சும் எல்லாத்தையும் உதறிட்டு வாங்க" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டு பஸ்சுக்குப் போனேன்.

சூசை மணலில் வலை பிரித்துக்கொண்டிருந்தான். என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டான். நான் ஆரம்பிப்பதற்குள் கையைக் காட்டி உட்காரச் சொன்னான். கடுங்காப்பி கொண்டுவந்து கொடுத்தான். குடிப்பதற்கு முன்னால் நான் அதை முகர்ந்து பார்த்தேன், அதையும் அவன் கவனித்தான். நடந்ததை எல்லாம் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவன் வலையிலிருந்து கையை எடுக்காமலே பேசினான்.

"அது நீங்கன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். ஒங்க சட்டைக் கை மடிப்புல வெள்ளப் பொடி ஒட்டியிருந்துது. வேட்டிக் கரையிலயும் இருந்துது. பஸ்சுல வந்து எறங்குன மனுசனுக்கு அது எங்கேருந்து வந்துது?"

"அப்ப ஏன்யா சொல்லல?"

"சொன்னா அவன் நம்பமாட்டான், எனக்குக் கேடு. நம்பினான்னு வையுங்க, ஒங்களுக்குக் கேடு. அப்பன் பேர நான் எதுக்குக் கெடுக்கணும்? நீங்களே சொல்லிருவீங்கன்னு நெனச்சேன். அன்னைக்குச் சாயங்காலம் பாத்தேன். மறுநாள் பாத்தேன். பொறவு அவன் மாத்தல் வாங்கிட்டுப் போயிட்டான்."

நான் பத்திரிகையை எடுத்து நீட்டினேன். அவன் வாங்கவில்லை. "ஒங்க மேல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல. ஒங்கள எனக்கு என்ன தெரியும்? அவன எனக்குத் தெரியும். ஒரு கத்தியப் பாத்துட்டு எம் மொவத்தப் பாக்காமப் போனான்லா, அவன் மேலதான் வருத்தம். இத எடுத்துட்டுப் போங்க. கூப்பிட வேண்டியவன் வந்து கூப்பிடட்டும்" என்றான்.

திரும்பி வரும்போது வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. இவ்வளவு தெரிந்தும் இரண்டு வருஷம் ஒருத்தன் பேசாமல் இருந்தான் என்றால் அவனுக்கு அதில் என்ன ஆதாயம்? வேறு ஏதாவது எதிர்பார்க்கிறானோ? பத்திரிகையை வாங்காததில் ஏதாவது சூது இருக்குமோ? இப்படியே யோசித்துக்கொண்டு வந்தேன். கோவில்பட்டி தாண்டும்போதுதான் எனக்கே என் மேல் வெறுப்பு வந்தது. நோய் இன்னும் போகவில்லை என்று தெரிந்தது. இந்த வயசில் அது முழுசாகப் போகும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை.

அந்த நோய் உனக்கு இப்போதுதான் தொற்ற ஆரம்பிக்கிறது. அதனால்தான் கல்யாணத்துக்கு முன்னால் இதை எழுதுகிறேன். சூசை சொன்னது சரி. ஒரு கத்தியும் ஒரு பழைய சண்டையும் உனக்குப் போதுமானதாக இருந்தது. அத்தனை நாள் உன்னோடு கடலில் கிடந்தவனின் முகத்தை நீ பார்க்கவே இல்லை. அது என்னிடமிருந்து வந்தது, வேறு யாரிடமிருந்தும் இல்லை. நாளைக்கு அந்தப் பெண் கடைக்குப் போய்த் திரும்பக் கால் மணி நேரம் தாமதமானால் உனக்குள் ஒரு ஆள் எழுந்து கணக்குப் போடுவான். அவள் காரணம் சொன்னால் அந்தக் காரணத்தைத் தட்டிப் பார்ப்பான். அவள் சும்மா இருந்தால் அதையும் தப்பாக எடுத்துக்கொள்வான். நன்றாகக் கேட்டுக்கொள், அப்பு. தேடுகிறவனுக்கு ஒன்றும் கிடைக்காவிட்டாலும் அவன் தேடியது எதிராளிக்கு மறக்காது. உன் அம்மாவின் மடியிலிருந்து விழுந்தது ஒரு வெற்றிலைக் காம்பு. அதற்காக அவள் இத்தனை வருஷத்தில் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அன்றிலிருந்து எங்கே போய்விட்டு வந்தாலும், நான் கேட்பதற்கு முன்பே பையைத் திறந்து என் முன்னால் வைத்துவிடுகிறாள். அவள் பையைத் திறக்கும்போதெல்லாம் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். உன் வீட்டில் அது நடக்கக் கூடாது.

இதைப் படித்ததும் நீ என் மேல் கோபப்படுவாய், படு. கல்யாணத்தில் என்னைப் பக்கத்தில் நிற்க வைக்க உனக்குப் பிடிக்காவிட்டால் சொல்லிவிடு. நான் பந்தியில் பரிமாறிக்கொண்டிருக்கிறேன், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் முதலில் குளச்சலுக்குப் போ. பத்திரிகை உன் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன், அவன் பேரை நீயே எழுது, உன் கையெழுத்தில் இருக்கட்டும். சனிக்கிழமை மத்தியானம் போனால் அவன் கரையில்தான் இருப்பான். நான் இதில் எழுதியதை உள்ளபடியே நம்பிவிடாதே. இத்தனை வருஷம் உன்னிடம் பொய் சொன்னவன் எழுதியது இது. என் பக்கம் கொஞ்சம் சாய்த்துத்தான் எழுதியிருப்பேன், எங்கே என்று எனக்கே தெரியவில்லை. அவனிடம் முதலிலிருந்து கேள். அவன் சொல்வதும் நான் சொல்வதும் எங்காவது மாறினால், அவன் சொல்வதை நம்பு.

அப்பா